ஆபரேட்டரா, டெக்னீஷியனா?

மைசூருவில் மின்னணு ஆலைகளும் தொழிற்கல்விக் கூடங்களும் கைகோக்கின்றன. மாணவர்களுக்குக் கிடைக்கப்போவது காலத்துக்கும் சோறு போடும் தொழிலா, ஓராண்டு வேலையா என்பதுதான் கேள்வி.

பச்சை நிறச் சர்க்யூட் பலகை ஒன்று கன்வேயரில் மெல்ல ஊர்ந்து அடுப்புக்குள் நுழைகிறது. அதன்மேல் நூற்றுக்கணக்கான உதிரிகள். சிலவற்றின் நீளம் 0.6 மில்லிமீட்டர், அகலம் 0.3 மில்லிமீட்டர். உப்புமாவுக்கு வறுக்கும் ரவையில் ஒரு மணி அளவுதான். ஒவ்வோர் உதிரியின் அடியிலும் பசைபோலப் பூசப்பட்ட சாலிடர். வெப்பம் 217 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தப் பசை உருகுகிறது. 245 டிகிரியை ஒட்டி உச்சம். பிறகு குளிர்ச்சி. சில நிமிடங்களில் பலகை மறுமுனையில் வெளியே வந்துவிடுகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் மனிதக் கை படவே வேண்டியதில்லை.

எல்லா நேரமும் ஒழுங்காக நடப்பதில்லை. சில பலகைகளில் ஒரு ரெசிஸ்டர் படுத்திருப்பதற்குப் பதில் ஒரு முனையில் எழுந்து நிற்கும், காட்டோரத்து நடுகல் மாதிரி. ஆலைகளில் இந்தக் கோளாறுக்குப் பெயரே 'டூம்ப்ஸ்டோன்', அதாவது கல்லறைக் கல். சோதனை கேமரா அதைப் பிடித்துத் திரையில் காட்டிக்கொடுக்கும். பார்த்த உடனே பலகையைத் தனியே எடுத்து வைப்பவர் ஆபரேட்டர். அது ஏன் எழுந்து நின்றது என்று யோசிப்பவர் டெக்னீஷியன். இரு முனையிலும் பசை ஒரே அளவாக விழவில்லையா? உதிரியை வைக்கும் இயந்திரம் இம்மி விலகியதா? அடுப்பில் ஒரு பக்கம் முந்திச் சூடானதா? அல்லது பலகையை வரைந்தவரே ஒரு பக்கத்துச் செம்பை அகலமாகப் போட்டுவிட்டாரா? விடை கிடைக்கும்வரை அதே கோளாறு நூறு பலகைகளில் திரும்ப வரும்.

இந்த இருவருக்கும் இடையே உள்ள தூரத்தை யார் கடக்கவைப்பது? கல்லூரியா, ஆலையா? மைசூருவில் இன்று இது ஏட்டளவிலான கேள்வி அல்ல.

வானொலியிலிருந்து நிலவு வரை

தசரா யானை, சந்தனம், பட்டு, மைசூர்பாகு என்றே இந்த ஊரை அறிந்தவர்களுக்கு அதன் இன்னொரு முகம் அவ்வளவாகத் தெரியாது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பியது மைசூர் சமஸ்தானம். 1935-இல் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தம் வீட்டிலேயே 30 வாட் டிரான்ஸ்மிட்டர் வைத்து வானொலி நிலையம் தொடங்கினார். அதற்கு அவர் சூட்டிய 'ஆகாஷ்வாணி' என்ற பெயரைப் பின்னர் நாடு முழுவதும் எடுத்துக்கொண்டது. கல்லூரி ஆசிரியர் ஒருவரின் வீட்டு அறையில்தான் இந்த ஊரின் மின்னணு வரலாறு தொடங்குகிறது என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

சுதந்திரத்துக்கு ஓராண்டு முன்பு, 1946-இல், தேசியப் பொறியியல் கல்லூரி வந்தது. 1963-இல் ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பொறியியல் கல்லூரி. பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.க்களும் அடுத்தடுத்து முளைத்தன. 1991-இல் ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடம் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒரு பாலிடெக்னிக்கைத் தொடங்கியது.

ஆலைகளும் பின்தங்கவில்லை. தேசியப் பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்த ரமேஷ் குஞ்ஞிக்கண்ணன் 1988-இல் மைசூருவில் தொடங்கிய கேன்ஸ் டெக்னாலஜி, பிற நிறுவனங்களுக்குச் சர்க்யூட் பலகைகளைப் பூட்டித் தரும் தொழிலில் இறங்கியது. ரயில்வே, வாகனம், மருத்துவக் கருவிகள், விண்வெளி என்று பரவியது. 2022 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. 2023-இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்துக்கு மின்னணு அமைப்புகள் வழங்கிய நிறுவனங்களில் அதுவும் ஒன்று. மைசூருவிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் கபினிக்கரை நஞ்சன்கூடு. ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலுக்கும் ரசவாழைக்கும் பேர்போன அந்த ஊரில், இண்டால் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையை 1999-இல் வாங்கியது ஆஸ்திரியாவின் ஏ.டி. அண்ட் எஸ். அங்கே தயாராவது பூட்டப்படாத வெற்றுப் பலகை. செம்புத் தகடு ஒட்டிய பலகையில் துளையிட்டு, முலாம் பூசி, தேவையற்ற செம்பை அமிலத்தில் கரைத்து எடுக்கும் வேலை. ஆக, வெற்றுப் பலகை முதல் பூட்டிய பலகை வரை ஒரே வட்டாரத்தில் தயாராகிறது.

நாட்டளவில் வளர்ச்சி இன்னும் வேகம். மத்திய அரசின் கணக்குப்படி இந்தியாவின் மின்னணு உற்பத்தி 2014-15-இல் 1.9 லட்சம் கோடி ரூபாய். 2024-25-இல் 11.3 லட்சம் கோடி. 2025 மார்ச்சில் உதிரிபாகத் தயாரிப்புக்கென 22,919 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பணம் வருகிறது, இயந்திரம் வருகிறது. இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பதற்கு ஆள்?

இரண்டு உலகம்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த மாணவருக்குப் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ. ஐ.டி.ஐ.யில் 'எலெக்ட்ரானிக் மெக்கானிக்' பிரிவு இரண்டாண்டு. சாமராஜநகர், மண்டியா, எச்.டி. கோட்டை கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு இவைதான் வாசல். நான்காண்டு பொறியியல் படிப்புக்கு வீட்டில் வசதியிருக்காது. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும்.

ஆய்வகத்தில் அவர்கள் கற்பது என்ன? பிரெட்போர்டில் ஒயர் குத்தி 555 டைமரை இயக்குவார்கள். ஆசிலோஸ்கோப்பில் அலையைப் பார்ப்பார்கள். கையில் பிடிக்கும் சாலிடரிங் அயர்னால் நீண்ட கால்கள் கொண்ட உதிரிகளை ஒட்டுவார்கள். இதில் எதுவும் வீண் இல்லை. மின்னோட்டம் எப்படி ஓடுகிறது என்று புரியாதவருக்கு எந்த இயந்திரமும் புரியாது.

ஆனால் ஆலை வேறு உலகம். முதலில் உடை. கோட்டு, தனிச் செருப்பு, மணிக்கட்டில் தரையோடு இணைத்த பட்டை. மனித உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் ஏறத்தாழ 3,000 வோல்ட்டைத் தொட்டால்தான் நமக்குச் சுரீர் என்று உறைக்கும். நுட்பமான சில சில்லுகள் 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே பழுதாகிவிடும். தொட்டவருக்கும் தெரியாது, சில சமயம் சோதனைக் கருவிக்கும் தெரியாது. பலகை தேறி, வாடிக்கையாளரிடம் போய், ஆறு மாதம் கழித்து ரயில் சிக்னலிலோ மருத்துவமனைக் கருவியிலோ சாகும். கல்லூரி மேசையில் வெறுங்கையால் ஐ.சி.யை எடுத்துப் பழகிய மாணவர் முதலில் மறக்க வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான்.

அடுத்தது சாலிடர். ஈயம் கலந்த பழைய சாலிடர் 183 டிகிரியில் உருகும். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு அமலானபின் வீட்டுப் பொருள்களில் ஈயமில்லாத சாலிடரே வழக்கமாயிற்று. அதன் உருகுநிலை 30 டிகிரிக்கு மேல் அதிகம். விண்வெளி, ராணுவப் பலகைகளிலோ இன்றும் ஈயச் சாலிடர் பயன்படுகிறது. இருவகை வேலையும் எடுக்கும் ஆலையில் இரண்டையும் கலந்துவிடக் கூடாது. எந்தப் பலகைக்கு எந்த வெப்ப வரைபடம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஒட்டு நன்றா, சுமாரா, தள்ளுபடியா என்பதற்குக்கூட ஐ.பி.சி. என்ற உலகளாவிய தரநூல் உண்டு. பொம்மைக்கு ஓர் அளவுகோல், உயிர்காக்கும் கருவிக்கு இன்னொன்று.

ஓர் எஸ்.எம்.டி. வரிசையின் விலை கோடிக்கணக்கில். பசை அச்சிடும் இயந்திரம், உதிரி வைக்கும் இயந்திரம், அடுப்பு, சோதனைக் கேமரா, சில்லின் அடிப்பக்கத்தைப் பார்க்க எக்ஸ்ரே. சாதாரண அரசு பாலிடெக்னிக் ஒன்றால் இதை வாங்க முடியாது. வாங்கினாலும் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். கல்லூரியும் ஆலையும் ஒன்றையொன்று தேடுவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். பாசம் ஒன்றும் இல்லை, கணக்கு.

ஒப்பந்தங்களின் நீண்ட வரிசை

இந்தத் தேடல் புதிதல்ல. 1961-இல் வந்த அப்ரெண்டிஸ் சட்டம் முதலில் ஐ.டி.ஐ. வகைத் தொழில்களுக்கே பொருந்தியது. 1973 திருத்தம் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் உள்ளே கொண்டுவந்தது. டிப்ளமோ படித்த பயிற்சியாளருக்கு அந்தச் சட்டம் வைத்த பெயரே 'டெக்னீஷியன் அப்ரெண்டிஸ்'. கர்நாடகம் உட்பட தென்மாநிலங்களில் இவர்களின் பயிற்சியைக் கவனிக்கும் வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. மைசூருவில் பயிற்சி பெறும் டிப்ளமோக்காரரின் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்பது அந்த வாரியத்தின் வழியாகத்தான்.

சட்டத்துக்கு வெளியேயும் முன்மாதிரிகள் உண்டு. சுவிஸ் உதவியுடன் 1959-இல் கேரளத்தின் தலச்சேரி அருகே நெட்டூரில் கருக்கொண்ட என்.டி.டி.எஃப்., பின்னர் பெங்களூருவில் மின்னணுவியலுக்கெனத் தனி மையம் அமைத்தது. டென்மார்க் உதவியுடன் 1972-இல் பெங்களூருவில் தொடங்கிய அரசுக் கருவி அறை மற்றும் பயிற்சி மையத்துக்கு மைசூருவிலும் கிளை இருக்கிறது. அங்கே முக்கியப் பாடம் அச்சும் வார்ப்பும்தான், மின்னணுவியல் அல்ல. ஆனால் அதன் முறை கவனிக்கத்தக்கது. மையமே தொழிலகங்களுக்கு உண்மையான ஆர்டர்களைச் செய்துகொடுக்கிறது. மாணவர் கைபடும் பொருள் குப்பைத் தொட்டிக்குப் போகாமல் வாடிக்கையாளருக்குப் போகிறது. மூன்றாண்டு படிப்புக்குப் பிறகு ஓராண்டு ஆலையில் பயிற்சி. தவறு செய்தால் மதிப்பெண் குறைவதோடு போகாது, பொருளே திரும்பி வந்துவிடும் என்ற பயம் அங்கே பாடத்தின் பகுதி.

அண்மைக்காலத்தில் இந்த வரிசை நீண்டது. 2016-இல் ஐ.டி.ஐ.க்களுக்கு 'இரட்டைப் பயிற்சி முறை' வந்தது. பின்னர் திருத்தப்பட்ட விதிகளின்படி இரண்டாண்டுப் பிரிவில் 6 முதல் 12 மாதங்கள் வரை ஆலையில் கழிக்கலாம். 2020-இல் கர்நாடக பாலிடெக்னிக்குகளில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், கடைசிப் பருவத்தைத் தொழிலகப் பயிற்சிக்கோ செயல்திட்டத்துக்கோ விட்டுக்கொடுத்தது. 2022 ஜூன் 20 அன்று, கர்நாடகத்தின் 150 அரசு ஐ.டி.ஐ.க்கள் சுமார் 4,700 கோடி ரூபாயில் தொழில்நுட்ப மையங்களாக மாற்றப்பட்டதைப் பெங்களூருவில் பிரதமர் தொடங்கிவைத்தார். செலவில் பெரும்பங்கு டாடா டெக்னாலஜிஸும் அதன் தொழில் கூட்டாளிகளும் தந்தது. அதே நிறுவனத்துடன் தமிழ்நாடு 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடியில் மேம்படுத்த முடிவெடுத்தது. 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை இன்னும் ஒருபடி மேலே போனது. நாடெங்கும் 1,000 அரசு ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய். மத்திய அரசு 30,000, மாநிலங்கள் 20,000, தொழில்துறை 10,000. உடைமை அரசிடம், நடத்துவதில் முன்னிற்பது தொழில்துறை.

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. கையெழுத்துகளுக்கும் பஞ்சமில்லை. ஒவ்வொரு கூட்டிலும் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றே: யார் கற்பிப்பது, யார் பணம் தருவது, யார் சோதிப்பது?

மூன்று கேள்விகள்

முதல் கேள்வி ஆசிரியரைப் பற்றியது. புது இயந்திரம் வந்து இறங்கும் நாளில் மாலையும் புகைப்படமும் உண்டு. ஆனால் அந்த இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஆசிரியர் இல்லையென்றால் அது துணி போர்த்திய சிலையாகிவிடும். மாணவரை ஆலைக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் ஆசிரியரையும் அனுப்ப வேண்டும். சில வாரங்களாவது அவர் வரிசையில் நின்று, தவறும் பலகைகளைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் வகுப்பில் அவர் சொல்வதில் உயிர் இருக்கும். எதிர்த்திசையிலும் போக்குவரத்து வேண்டும். ஆலையின் மூத்த டெக்னீஷியன் வாரத்தில் ஒரு பொழுது கல்லூரிக்கு வந்து, அன்றைக்கு நின்றுபோன வரிசையின் கதையைச் சொன்னால் அது எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஆலை நிர்வாகம் ஒரு நல்ல ஆளின் நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கடினமும் அதுதான். நல்ல டெக்னீஷியனின் ஒரு மணி நேரம் ஆலைக்கு விலை உயர்ந்தது.

இரண்டாவது, பணம். இதே மைசூருவில் இன்போசிஸின் பரந்த பயிற்சி வளாகம் இருக்கிறது. பொறியியல் பட்டதாரிகள் நாடெங்குமிருந்து வந்து தங்கி மென்பொருள் கற்கிறார்கள். கற்கும் நாளிலிருந்தே அவர்களுக்குச் சம்பளம். டெக்னீஷியன் அப்ரெண்டிஸுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, உதவித்தொகை. 2019-இல் திருத்திய விதிகள் குறைந்தபட்சத் தொகையை, படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை நிர்ணயித்தன. டிப்ளமோவுக்கு 8,000. இதை 6,800 முதல் 12,300 வரை உயர்த்த 2025 மே மாதம் மத்திய அப்ரெண்டிஸ் கவுன்சில் பரிந்துரைத்தது. எச்.டி. கோட்டையிலிருந்து வந்து மேட்டகள்ளியில் அறை எடுத்துத் தங்கும் பையனுக்கு வாடகையும் சாப்பாடும் போக 8,000-இல் வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும் என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. அப்ரெண்டிஸ் என்பவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. உடல்நலமும் பாதுகாப்பும் தவிர மற்றத் தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. பயிற்சி முடிந்தபின் வேலை தந்தாக வேண்டும் என்ற பொதுக் கட்டாயமும் ஆலைக்கு இல்லை. 2014 திருத்தத்தின்படி, தனக்கென ஒரு வேலைக்கமர்த்தும் கொள்கையை வகுத்துக்கொண்டால் போதும். நேர்மையான ஆலைக்கு இது வசதி. நேர்மையற்ற ஆலைக்கு இது வாய்ப்பு. ஆண்டுதோறும் புது அணி, ஆண்டுதோறும் குறைந்த கூலி. மாணவர் பன்னிரண்டு மாதமும் ஒரே இடத்தில் நின்று பலகையை எடுத்து எடுத்து வைத்தால் ஆலைக்கு உற்பத்தி நடக்கும், அவருக்குப் பயிற்சி நடக்காது. காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

பெண்கள் விஷயத்தில் இந்த ஆபத்து அதிகம். மின்னணுப் பூட்டு வேலையில் நாடெங்கும் இளம்பெண்களே பெருவாரியாக எடுக்கப்படுகிறார்கள். பொறுமையும் விரல் நுட்பமும் அவர்களுக்கு உண்டு என்ற புகழ்மாலையோடு வரிசையில் உட்காரவைத்துவிட்டு, இயந்திரத்தைத் திறக்கும் ஸ்பேனரை ஆண்களிடம் கொடுப்பது வழக்கம். டிப்ளமோ படித்த பெண்ணை ஆபரேட்டராக எடுப்பது ஆலைக்கு லாபம். மூன்றாண்டுப் படிப்பு அவருக்கு நஷ்டம்.

மூன்றாவது கேள்வி, சோதிப்பது. இங்கே ஜெர்மனியைக் கொஞ்சம் பார்க்கலாம். எல்லோரும் எடுத்துக்காட்டும் இரட்டைப் பயிற்சி முறையின் தாயகம் அது. 1969-இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. அங்கே மின்னணு டெக்னீஷியனாக மூன்றரை ஆண்டு. வாரத்தின் பெரும்பகுதி ஆலையில், மிச்சம் பள்ளியில். பயிற்சிக் காலத்தில் ஊதியம் உண்டு. ஆனால் அந்த முறையின் உயிர்நாடி வேறெங்கோ இருக்கிறது. இறுதித் தேர்வை நடத்துவது பயிற்சி தந்த ஆலை அல்ல, தொழில் வர்த்தக சபை. தேர்வுக் குழுவில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் உண்டு, ஆசிரியரும் உண்டு. தன் ஆலைக்கு வேண்டியதை மட்டும் சொல்லிக்கொடுத்த முதலாளியின் குட்டு அங்கே உடைந்துவிடும். சான்றிதழ் ஓர் ஆலையின் பெயரில் இல்லை, தொழிலின் பெயரில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம்.

நம் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இந்த மூன்றாவது ஆள் இருப்பதில்லை. ஆலை வருகைப் பதிவேட்டை அனுப்புகிறது, கல்லூரி மதிப்பெண் போடுகிறது. அவர் உண்மையில் எந்த இயந்திரத்தைத் திறந்து பார்த்தார் என்று கேட்பதற்கு ஆளில்லை.

இரண்டு மூடுவிழாக்கள்

இதெல்லாம் நுணுக்கம் பார்ப்பது என்று தோன்றலாம். வேலை கிடைத்தால் போதாதா? போதாது என்பதற்கு இரண்டு ஆலைகளின் கதை சாட்சி.

முதலாவது தமிழ்நாட்டில். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை ஒரு காலத்தில் உலக அளவில் பேசப்பட்டது. கிராமங்களிலிருந்து பிளஸ் டூவும் டிப்ளமோவும் படித்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், சீருடையோடு பஸ் ஏறினார்கள். வரிச் சிக்கல், நிறுவனக் கைமாற்றம் என்று நெருக்கடிகள் சேர, 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. வரிசையில் ஒரே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தவர்களின் கையில் மிஞ்சியது அந்த ஒரு வேலையின் பழக்கம். அந்த மாடல் கைபேசிகளே சந்தையை விட்டுப் போனபிறகு அந்தப் பழக்கத்தை எங்கே விற்பது? அந்த வளாகம் பின்னர் சால்காம்ப் நிறுவனத்தின் கைக்குப் போய் 2020-இல் மீண்டும் உயிர்பெற்றது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்த வேகத்தில் மனிதர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆறு ஆண்டு என்பது இருபத்தைந்து வயதுக்காரருக்கு மிக நீண்ட காலம்.

இரண்டாவது கதை மைசூருவிலேயே. யாதவகிரியில் செக்கோஸ்லோவாக்கியத் தொழில்நுட்பத்தில் ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களைச் செய்த ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டது. அதுவும் கண்ணீரோடு முடிந்த கதைதான். ஆனால் ஓர் எஞ்சினைப் பிரித்துப்போட்டு மறுபடி கோக்கத் தெரிந்த கைகள் ஊரில் மிஞ்சின. ஆலை போய்ப் பல ஆண்டுகள் கழித்தும் மைசூருவின் தெருக்களில் ஜாவாக்கள் படபடத்து ஓடின என்றால், சந்துக்குச் சந்து பட்டறை வைத்திருந்த மெக்கானிக்குகள்தான் காரணம். அவர்களிடமிருந்து கற்றவர்கள் மற்ற வண்டிகளையும் பழுதுபார்த்தார்கள்.

இரண்டு இடத்திலும் ஆலை கைவிட்டது. ஓரிடத்தில் தொழில் கையில் நின்றது, இன்னோரிடத்தில் நிற்கவில்லை. முழு இயந்திரத்தையும் அறிந்ததற்கும் ஒரு திருகை மட்டும் முடுக்கியதற்கும் உள்ள வித்தியாசம் அது.

மின்னணுத் துறையில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகும். மோட்டார் சைக்கிள் எஞ்சின் முப்பதாண்டு மாறாமல் இருந்தது. சர்க்யூட் பலகையோ சில ஆண்டுகளில் தலைகீழாக மாறுகிறது. உதிரி சிறுக்கிறது, சாலிடர் மாறுகிறது, பட்டனை அழுத்தும் வேலையை இயந்திரமே எடுத்துக்கொள்கிறது. ஆபரேட்டர் வேலைதான் முதலில் போகும். இயந்திரம் கூடக் கூட, அது ஏன் தவறுகிறது என்று கண்டுபிடிப்பவரின் தேவையும் கூடும்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

அப்படியானால் ஆலையே கூடாதா? அது தவறான முடிவு. ஆலை இல்லாத கல்லூரி, நீச்சலைக் கரும்பலகையில் கற்பிப்பது போன்றது. கல்லூரி இல்லாத ஆலை, ஒரே ஒரு கை அசைவை மட்டும் கற்பிப்பது போன்றது. இரண்டும் சேர வேண்டும். எந்த நிபந்தனையில் என்பதுதான் பேச்சு.

நிபந்தனைகள் எளியவை. பயிற்சி ஆண்டில் மாணவர் ஒரே இடத்தில் நிற்காமல் பசை அச்சு, உதிரி வைப்பு, அடுப்பு, பரிசோதனை, பழுதுபார்ப்பு என்று எல்லா நிலைகளிலும் சில வாரங்கள் வேலை செய்ய வேண்டும். அது பதிவேட்டில் இருக்க வேண்டும். தள்ளுபடியான பலகைகளை ஆலை எடைக்குப் போடாமல் கல்லூரிக்குத் தரலாம். கோளாறைக் கண்டுபிடிக்கக் கற்பதற்கு அதைவிட நல்ல பாடப்பொருள் இல்லை, செலவும் இல்லை. ஒரு பெரிய ஆலை மட்டும் ஒப்பந்தம் போடுவதைவிட, ஒரு வட்டாரத்தின் நாலைந்து ஆலைகள் சேர்ந்து போட்டால் மாணவர் ஒருவரின் கைக்குள் அடங்கமாட்டார். வெற்றுப் பலகை செய்யும் நஞ்சன்கூடும் பலகை பூட்டும் மைசூருவும் அரைமணிப் பயணத்தில் இருக்கும்போது இது ஆகாத காரியமல்ல. கடைசியில், தேர்வு. ஆலையும் கல்லூரியும் அல்லாத மூன்றாவது ஒருவர் முன்னால், பழுதான ஒரு பலகையை மேசையில் வைத்து, 'இது ஏன் ஓடவில்லை?' என்று கேட்கும் தேர்வு.

ஆலைக்கு இதில் நஷ்டமில்லையா? தொழில் முழுதும் கற்றவர் பக்கத்து ஆலைக்குப் போய்விடுவாரே என்பது முதலாளிகளின் பழைய பயம். போவார்தான். ஆனால் பக்கத்து ஆலையில் கற்றவர் இங்கே வருவார். எல்லா ஆலைகளும் கற்றுத்தந்தால் ஊரே பயிற்சிக்கூடமாகும். எவரும் கற்றுத்தராவிட்டால் எல்லோரும் ஒரே பத்துப் பேருக்கு ஏலம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இது அந்நிய விவகாரமல்ல. மத்திய அரசின் மின்னணு உதிரிபாகத் திட்டத்தில் 2025 அக்டோபரில் முதற்கட்டமாக ஒப்புதல் பெற்ற ஏழு திட்டங்களில் ஐந்து தமிழ்நாட்டுக்கு வந்திருக்கின்றன. மைசூரு இன்று சந்திக்கும் கேள்வியை ஓரகடமும் ஓசூரும் சந்தித்தே ஆக வேண்டும்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து மேட்டகள்ளி, ஹெப்பால், கூர்கள்ளி தொழிற்பேட்டைகளிலிருந்து பஸ்கள் கிளம்புகின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அப்ரெண்டிஸ் இளைஞருக்கும் யுவதிக்கும் அமைச்சரவை ஒதுக்கிய கோடிகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ஒரு பலகையில் எழுந்து நின்ற அந்தக் குட்டி ரெசிஸ்டர் ஏன் எழுந்து நின்றது என்று தெரிந்துகொண்டு வீடு திரும்புகிறார்களா என்பதுதான் முக்கியம். தெரிந்திருந்தால், எந்த ஆலை எப்போது கதவை மூடினாலும், அவர்கள் கையில் ஒரு தொழில் இருக்கும்.